புதைந்த ஓடைகளும் கரைவாழ் மக்களும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

முன்னுரை

ஆறுகளைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். அவற்றின் நீளம், பிறப்பிடம், குறுக்கே கட்டப்பட்ட அணைகள் ஆகியவற்றைப் பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். ஆனால் அந்த ஆறுகளுக்கு நீரைக் கொண்டுவந்து சேர்க்கும் சிற்றோடைகளின் பெயர்கள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கிராமத்தில் ஓடை என்றால் ஊரே அறியும். நகரத்திலோ ஓடை முதலில் சாக்கடையாகிறது. பிறகு அதன்மேல் மூடி போடப்படுகிறது. நாளடைவில் அங்கு ஓர் ஓடை இருந்தது என்பதே மறந்துபோகிறது.

உலகின் சில நகரங்களில் இவ்வாறு மறைந்த ஓடைகளை மக்களே முன்னின்று மீட்டிருக்கின்றனர். அவற்றுள் சிறப்பாகச் சொல்லத்தக்கது, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் 1980களில் தொடங்கிய முயற்சியாகும். அங்கு நடந்தவற்றை அறிவியல் நோக்கில் ஆராய்ந்து, ஓர் ஓடையை மீட்க எவை தேவை என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். பொறியியல் அறிவும் பணமும் தேவை என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். கரையில் வாழும் மக்களும் திட்டத்திற்குள் இருக்க வேண்டும் என்பதை அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. அதற்கான சான்றுகளை இங்கே தொகுத்துத் தர முயல்கிறேன்.

நகர ஓடை கெடுவது எவ்வாறு?

காட்டிலும் வயலிலும் பெய்யும் மழையின் பெரும்பகுதியை மண் குடித்துவிடுகிறது. அந்நீர் மண்ணுக்குள் மெல்லக் கசிந்து, மழை நின்ற பின்பும் பல நாட்கள் ஓடைக்கு ஊற்றாக வந்து சேர்கிறது. நகரத்தில் கூரைகளும் சிமெண்டுத் தரைகளும் தார்ச்சாலைகளும் மண்ணை மூடிவிடுகின்றன. பெய்த மழை சில நிமிடங்களில் வடிகால் வழியாக ஓடைக்குள் பாய்கிறது. ஆகவே மழை நேரத்தில் வெள்ளம் பெருகுகிறது. மழையற்ற நாட்களில் ஓடை வற்றுகிறது. வெள்ளமும் வறட்சியும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள் எனலாம்.

இயற்கையான ஓர் ஓடையில் கரை நிரம்ப நீர் ஓடும் நிலை, சராசரியாக ஒன்று அல்லது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. அந்த அளவு நீரே காலப்போக்கில் ஓடையின் அகலத்தையும் ஆழத்தையும் வளைவுகளையும் செதுக்கி அமைக்கிறது. இக்கருத்தை விரிவாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் லூனா லியோபோல்டு என்னும் அமெரிக்க நீரியல் அறிஞர். நகரங்கள் பெருகும்போது ஓடைகளின் வெள்ளம் எவ்வாறு மாறுகிறது என்பதைப் பற்றி அவர் 1968இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். மண் மூடப்பட மூடப்பட, கரை நிரம்பும் வெள்ளம் அடிக்கடி வரத் தொடங்கும் என்பது அதன் சாரம். அவ்வாறு வரும் வெள்ளம் பழைய கரையை அரிக்கிறது, ஓடைப்படுகை ஆழமாகிறது, கரையோர மரங்கள் வேரற்றுச் சாய்கின்றன.

இதற்குப் பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கண்ட மருந்து கான்கிரீட் ஆகும். வளைந்த ஓடையை நேராக்கி, அடியிலும் பக்கங்களிலும் கான்கிரீட் பூசினால் நீர் விரைவாக ஓடிவிடும். எவ்வளவு விரைவாக என்பதை மானிங் சூத்திரத்தால் அறியலாம். ஒரே சரிவும் ஒரே ஆழமும் உள்ள இரு வாய்க்கால்களில், நீரின் வேகம் அவற்றின் சொரசொரப்பு எண்ணுக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். கான்கிரீட்டின் சொரசொரப்பு எண் ஏறத்தாழ 0.015, கல்லும் செடியும் நிறைந்த இயற்கை ஓடையின் எண் ஏறத்தாழ 0.045. எனவே கான்கிரீட் வாய்க்காலில் நீர் மும்மடங்கு வேகத்தில் ஓடும். மேல்பகுதியில் வாழ்வோருக்கு இது நன்மையே. ஆனால் அந்த வெள்ளம் முழுவதும் கீழ்ப்பகுதியில் வாழ்வோரின் வாசலுக்கு முன்னைவிட விரைவாக வந்து சேரும்.

மேலும், நிழல் தரும் மரங்கள் இல்லாத கான்கிரீட் வாய்க்காலில் நீர் சூடேறுகிறது. 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஆக்ஸிஜன் கரைந்திருக்க முடியும். 30 பாகையில் அது ஏறத்தாழ 7.6 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். அத்துடன் சாக்கடை நீரும் கலந்தால், கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் எஞ்சிய ஆக்ஸிஜனையும் உறிஞ்சிவிடுகின்றன. மீன் மூச்சுத் திணறி இறக்கிறது; கொசுப்புழு மட்டும் வாழ்கிறது. இந்நிலையில் ஓடையை மூடிவிடுங்கள் என்று மக்களே கேட்பதில் வியப்பில்லை.

ஸ்ட்ராபெரி ஓடை

பெர்க்லி நகரத்தின் கிழக்கே உள்ள குன்றுகளில் பிறந்து, மேற்கு நோக்கி ஓடி, விரிகுடாவில் கலப்பது ஸ்ட்ராபெரி ஓடை. ஐரோப்பியர் வருமுன்னர் ஓலோனி என்னும் பழங்குடி மக்கள் அப்பகுதியில் வாழ்ந்தனர். 1860களில் அங்கு ஒரு கல்லூரிக்கு இடம் தேடியவர்கள் இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இவ்வோடையின் நீரும் ஒரு காரணம். 1868இல் தோன்றிய கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் பின்னர் இங்கேயே நிலைபெற்றது. ஓடையின் வடகிளையும் தென்கிளையும் பல்கலைக்கழக வளாகத்திற்குள் ஓடி, மேற்குப் புறத்தில் ஒன்றாகின்றன.

ஊர் வளர்ந்தது. வீடுகளின் கழிவு ஓடையில் விழுந்தது. நாற்றமும் நோய் பற்றிய அச்சமும் பெருகின. 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் ஓடையைச் சிறிது சிறிதாகக் குழாய்க்குள் செலுத்தி, மேலே தெருக்களும் கடைகளும் அமைத்தனர். வளாகத்தின் மேற்கு எல்லையைத் தாண்டியதும் ஓடை நிலத்தடியில் மறைந்தது. அதன் கரையில் பிறந்த பல்கலைக்கழகம் நோபல் பரிசு பெற்ற அறிஞர்கள் பலரைத் தந்தது. ஆயினும் அதன் வாசலில் ஓடிய ஓடை கெட்டுக்கொண்டேயிருந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

திறந்த 200 அடி

பெர்க்லியின் மேற்குப் பகுதியில் சாண்டா பே இரயில்வேக்குச் சொந்தமான சரக்கு நிலையம் ஒன்று இருந்தது. இரயில் போக்குவரத்து நின்ற பின் அந்நிலத்தைப் பூங்காவாக்க நகராட்சி முடிவு செய்தது. அந்நிலத்திற்கு அடியில்தான் ஸ்ட்ராபெரி ஓடை குழாய்க்குள் ஓடிக்கொண்டிருந்தது. பூங்காவிற்கு வரைபடம் தீட்டிய நகராட்சி நில வடிவமைப்பாளர் டக் வுல்ப் என்பவர், குழாயை உடைத்து ஓடையைத் திறந்துவிடலாம் என்னும் யோசனையை முன்வைத்தார்.

அக்காலத்தில் இது விந்தையான யோசனை. ஓடைகளை மூடுவதே முன்னேற்றம் என்று கருதப்பட்ட காலம் அது. இத்தகைய திட்டம் எங்கு வந்தாலும் எழும் கேள்விகள் உண்டு. குழந்தைகள் தவறி விழமாட்டார்களா? குப்பை கொட்டமாட்டார்களா? கொசு பெருகாதா? இவற்றைத் தள்ளிவிட முடியாது. கரையோரம் குழந்தை வளர்ப்பவர்கள் கேட்கும் நியாயமான கேள்விகள் இவை. இதற்கு விடை பொறியியலிலேயே உள்ளது. செங்குத்தான சுவருக்குப் பதிலாகச் சாய்வான கரை அமைத்தால், விழுந்தவர் எழுந்து வரலாம். நீர் தேங்காமல் ஓடினால் கொசு முட்டையிட இடமிராது. கேட்டவருக்கு விடை சொல்லி, அவ்விடையை வரைபடத்திலும் காட்டுவதே மக்கள் பங்கேற்பு எனப்படுவது.

1984இல் ஏறத்தாழ 200 அடி நீளத்திற்கு ஓடை வெளிச்சத்திற்கு வந்தது. புதைந்த ஓடையைத் திறக்கும் பணிகளுக்கு அமெரிக்காவில் இது முன்னோடியாக எண்ணப்படுகிறது. 200 அடி என்பது நம் விளையாட்டு மைதானத்தின் ஒரு பக்க அளவுகூட இராது. ஆயினும் புதைந்த ஓடையைத் திறக்க முடியும் என்பதற்கு அது கண்ணெதிரே நிற்கும் சான்றாயிற்று. 1995இல் அதே நகரில் ஓர் ஆரம்பப் பள்ளியின் விளையாட்டுத் திடலுக்கு அடியில் இருந்த பிளாக்பெரி ஓடையும் திறக்கப்பட்டது. அப்பள்ளிச் சிறுவர்களுக்கு அது வகுப்பறையாகவும் பயன்பட்டது.

இதற்கிடையே 1982இல் 'அர்பன் கிரீக்ஸ் கவுன்சில்' என்னும் தன்னார்வ அமைப்பு பெர்க்லியில் தோன்றியது. வெள்ளத்தடுப்புப் பொறியாளர்களின் கணக்கை அவர்கள் மொழியிலேயே கற்று, மக்களுக்கு விளக்கியதும் மாற்றுக் கணக்கைத் தந்ததும் இத்தகைய அமைப்புகளின் பெருந்தொண்டாகும். இவ்வியக்கத்தில் முன்னின்றவர்களுள் ஒருவரான ஆன் ரைலி, நகர ஓடைகளை மீட்கும் முறைகளைப் பற்றி 1998இல் ஒரு நூலே எழுதினார்.

வளாகத்தில் நடந்த ஆய்வு

விலங்கியல் மாணவர்களாகிய நமக்கு மிகவும் சுவையானது, பல்கலைக்கழக வளாகத்திற்குள் நடந்த பணியே. 1987இல் ராபர்ட் சார்போனோ என்பவர் ஸ்ட்ராபெரி ஓடைக்கான மேலாண்மைத் திட்டம் ஒன்றைத் தயாரித்தார். பூச்சியியல் பேராசிரியர் வின்சென்ட் ரெஷ் அவருடன் சேர்ந்து இப்பணியை ஆராய்ந்து எழுதினார்.

அவர்கள் முதலில் செய்த வேலை, கழிவு எங்கிருந்து வருகிறது என்று தேடியதாகும். பழைய சாக்கடைக் குழாய்கள் விரிசல் விட்டுக் கசிந்தன. சில கழிவுக் குழாய்கள் தவறாக மழைநீர் வடிகாலுடன் இணைக்கப்பட்டிருந்தன. கெடுதல் முழுவதும் ஒரே பெரிய ஆலையிலிருந்து வரவில்லை. பல சிறு துளைகள் வழியே வந்தது. ஒவ்வொன்றையும் கண்டுபிடித்து அடைத்தாலொழிய, மேலே எத்தனை மரம் நட்டும் பயனில்லை. அரிப்பைத் தடுக்க ஓடையின் குறுக்கே சிறு தடுப்புகள் கட்டப்பட்டன, கரைகள் உறுதிப்படுத்தப்பட்டன.

ஓடை நலமடைந்ததா என்பதை எவ்வாறு அறிவது? நீரை எடுத்து இரசாயனச் சோதனை செய்யலாம். ஆனால் அது நீர் எடுத்த அந்த நேரத்து நிலையை மட்டுமே சொல்லும். நேற்றிரவு யாரோ கொட்டிய கழிவு இன்று காலை கடந்து போயிருக்கும். ஓடைப்படுகையின் கற்களுக்கு அடியில் வாழும் பூச்சிகளின் இளம்புழுக்களோ பல மாதங்கள் அங்கேயே கிடப்பவை. அவற்றால் ஓடிப்போக முடியாது. ஆகவே அவை பொய் சொல்லாத சாட்சிகள். மேஃபிளை, கேடிஸ்ஃபிளை போன்றவற்றின் இளம்புழுக்களுள் பெரும்பாலானவை தூய நீரை விரும்புபவை. ட்யூபிஃபெக்ஸ் புழுக்களும், உடலில் ஹீமோகுளோபின் இருப்பதால் சிவந்து தோன்றும் கைரோனோமஸ் புழுக்களும் ஆக்ஸிஜன் குறைந்த சேற்றிலும் வாழவல்லவை. எந்த இனம் எத்தனை இருக்கிறது என்று எண்ணினாலே ஓடையின் நோயும் நலமும் தெரிந்துவிடும். ஒரு வலையும், வெள்ளைத் தட்டும், கைலென்சும் இதற்குப் போதும்.

கழிவுகள் தடுக்கப்பட்டபின் ஓடையின் சிற்றுயிர்களில் முன்னேற்றம் தெரிந்தது. அடுத்து 1989இல், முதுகில் மூன்று முட்களையுடைய ஸ்டிக்கில்பேக் என்னும் சிறுமீன் ஓடையில் விடப்பட்டது. விலங்குகளின் நடத்தை பற்றிய பாடத்தில் நிகோ டின்பெர்கன் ஆராய்ந்த மீனாக இதனை நாம் அறிவோம். 1973இல் நோபல் பரிசு பெற்றவருள் அவரும் ஒருவர். இம்மீனின் ஆண், நீர்த்தாவரத் துணுக்குகளால் கூடு கட்டி, முட்டைகளைக் காத்து, துடுப்புகளால் நீரை விசிறி அவற்றுக்கு ஆக்ஸிஜன் ஊட்டுகிறது. கூடு கட்டச் செடி இல்லையெனில், விசிறும் நீரில் ஆக்ஸிஜன் இல்லையெனில், குஞ்சு பொரிக்காது. சுமார் 100 ஆண்டுகளாக அவ்வோடையில் இல்லாதிருந்த சொந்த மீன்கள் மீண்டும் வாழ்ந்து இனப்பெருக்கமும் செய்தன என்பது, எந்த அறிக்கையையும்விட வலிய சான்றாகும்.

நார்த் ரிச்மண்டின் பாடம்

பெர்க்லி படித்தோர் நிறைந்த ஊர். அங்கு நடந்தது ஏழைகள் வாழும் இடத்தில் நடக்குமா என்று கேட்கலாம். அதற்கு விடை, பெர்க்லிக்குச் சில மைல் வடக்கேயுள்ள நார்த் ரிச்மண்டில் கிடைக்கிறது.

இரண்டாம் உலகப் போரின்போது ரிச்மண்டில் கைசர் நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளங்கள் அமைந்தன. வேலை தேடி ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் அங்கு வந்தனர். வேறு பகுதிகளில் அவர்களுக்கு வீடு தர மறுத்தனர். ஆகவே அவர்களுள் பலர், நகர எல்லைக்கு வெளியே வைல்டுகேட் ஓடைக்கும் சான் பாப்லோ ஓடைக்கும் இடையிலுள்ள தாழ்நிலத்தில் குடியேறினர். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்குவது அந்நிலமே. எவருக்கும் வேண்டாத நிலமாதலால் அது அவர்களுக்குக் கிடைத்தது.

வெள்ளத்தடுப்புத் திட்டங்கள் பலமுறை பேசப்பட்டும் நிறைவேறவில்லை. இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். வெள்ளத்தடுப்புப் பணியின் நன்மை, அதனால் காக்கப்படும் சொத்துகளின் மதிப்பைக் கொண்டு அளக்கப்படுகிறது. மாளிகையைக் காத்தால் நன்மை அதிகம். குடிசையைக் காத்தால் நன்மை குறைவு. கணக்கில் பிழையில்லை, ஆனால் அக்கணக்கின்படி ஏழையின் வீடு எப்போதும் கடைசியிலேயே நிற்கும்.

1980களின் தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகமும் அமெரிக்க இராணுவப் பொறியாளர் படையும் செலவு குறைந்த திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தன. ஓடைகளை நேராக்கிக் கான்கிரீட்டாலும் கல்லாலும் வாய்க்காலாக்குவது அது. கிடைத்தது போதும் என்று மக்கள் ஏற்றிருக்கலாம். அவர்கள் ஏற்கவில்லை. வெள்ளத்திலிருந்து பாதுகாப்பும் வேண்டும். குழந்தைகள் விளையாடவும், பள்ளி மாணவர் பாடம் கற்கவும், மக்கள் நடந்து செல்லவும் உயிருள்ள ஓடையும் வேண்டும் என்றனர். சுற்றுச்சூழல் அமைப்புகளும் நீரியல் வல்லுநர்களும் அவர்களுடன் சேர்ந்து மாற்றுத் திட்டம் வரைந்தனர்.

அம்மாற்றுத் திட்டத்தின் அறிவியல் எளிமையானது. நடுவில், ஆண்டுதோறும் வரும் நீருக்கு ஏற்ற அளவில் வளைந்து செல்லும் சிறு ஓடை. அதன் இருபுறமும் பெருவெள்ளம் பரவி நிற்க அகன்ற தாழ்நிலம். ஓடையோரம் நிழல்தரும் மரங்கள். மழையற்ற நாட்களில் நீர் நடு ஓடையில் குளிர்ந்து ஓடும். பெருமழையில் தாழ்நிலத்தில் பரவி வேகம் தணியும். முன்னே சொன்ன லியோபோல்டின் கருத்தே இதற்கு அடிப்படை. நெடிய வாதங்களுக்குப் பின் 1980களின் நடுவில் பொறியாளர்களும் மக்களும் பொதுவான ஒரு திட்டத்திற்கு இசைந்தனர். வெள்ளத்தடுப்பும் ஓடையின் உயிரும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதைப் பிற ஊர்களுக்கு எடுத்துக்காட்டிய திட்டம் இது.

கரையைக் கட்டும் கிளைகள்

இத்தகைய பணிகளில் மக்கள் தம் கையாலேயே செய்யக்கூடியது கரை கட்டுதலாகும். வில்லோ மரத்தின் கிளைகளை வெட்டி, ஈரமான கரையில் ஊன்றுகின்றனர். நம் ஊரில் முருங்கைப் போத்தை நட்டால் துளிர்ப்பது போல அவை வேர்விட்டுத் துளிர்க்கின்றன. மெல்லிய கிளைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டிக் கரையின் குறுக்கே புதைப்பதும் உண்டு. வேர்கள் மண்ணைப் பிணைக்கின்றன. தண்டுகள் வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்கின்றன. இலைகள் நிழல் தருகின்றன. உதிர்ந்த இலைகள் பூச்சிகளுக்கு உணவாகின்றன. கான்கிரீட் கட்டிய நாளிலிருந்து பழுதுபடத் தொடங்குகிறது. இந்தக் கரையோ ஆண்டுக்காண்டு வலுப்பெறுகிறது.

சட்டமும் நிதியும்

ஆர்வம் மட்டும் இருந்தால் ஓரிரு ஓடைகளுடன் முயற்சி நின்றுபோகும். 1984இல் கலிபோர்னியா மாநிலம் நகர ஓடைகளை மீட்க நிதியுதவி வழங்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அத்திட்டத்தில் குறிப்பிடத்தக்க விதி ஒன்று உண்டு. உள்ளாட்சி அமைப்பு தனியாகவோ, மக்கள் அமைப்பு தனியாகவோ நிதி கேட்க முடியாது. இரண்டும் சேர்ந்தே விண்ணப்பிக்க வேண்டும். மக்களின் சம்மதத்தைச் சடங்காகக் கேட்காமல், விண்ணப்பத்தாளிலேயே அவர்களைப் பங்காளியாக்கிய விதி இது.

1989இல் பெர்க்லி நகராட்சி ஓடைகளைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. ஓடையின் நடுக்கோட்டிலிருந்து 30 அடிக்குள் புதிய கட்டடம் எழுப்புவதற்கும், திறந்த ஓடையைக் குழாய்க்குள் அடைப்பதற்கும் அச்சட்டம் தடை விதித்தது. எனினும் எல்லாம் நிறைவேறிவிட்டதாகக் கருதலாகாது. பெர்க்லியின் கடைவீதிக்கு அடியில் ஸ்ட்ராபெரி ஓடை இன்றும் குழாய்க்குள்ளேயே ஓடுகிறது. அங்கும் திறக்க வேண்டும் என்ற யோசனை பல ஆண்டுகளாகப் பேசப்பட்டும் செயலாகவில்லை.

மற்றொரு வழி

ஒப்பிட்டுப் பார்க்கத் தென்கொரியத் தலைநகர் சியோலின் சாங்கியேசான் ஓடையைக் கூறலாம். கான்கிரீட்டால் மூடப்பட்டு, மேலே உயர்த்தப்பட்ட நெடுஞ்சாலையைச் சுமந்திருந்த அவ்வோடையை, 2003 ஜூலை முதல் 2005 அக்டோபருக்குள் ஏறத்தாழ 5.8 கிலோமீட்டர் நீளத்திற்கு அந்நகர நிர்வாகம் திறந்துவிட்டது. நெடுஞ்சாலை இடிக்கப்பட்டது. உலகமே வியந்த பணி இது. நெரிசல் மிகுந்த நகரின் நடுவே மீனும் பறவையும் திரும்பின.

ஆயினும் இரண்டு செய்திகளை மறக்கலாகாது. ஓடையில் தொடர்ந்து நீர் ஓடுவதற்காக, நாள்தோறும் ஏறத்தாழ 1,20,000 டன் நீர் பெரும்பாலும் ஹான் ஆற்றிலிருந்து இறைத்து விடப்படுகிறது. அடுத்து, அங்கு நடைபாதையில் கடை வைத்துப் பிழைத்தவர்கள் இடம்பெயர நேர்ந்தது. அவர்களுள் பலருக்கு டோங்டேமுன் விளையாட்டரங்கில் இடம் தரப்பட்டது. சில ஆண்டுகளில் அந்த அரங்கமும் இடிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் 5.8 கிலோமீட்டர் திறந்த வேகத்தின் விலையைச் செலுத்தியவர்களுள் அவர்களும் அடங்குவர்.

நமக்கு உரியது

இந்தக் கேள்வி நம் மாநிலத்திற்கும் உரியது. சென்னையில் அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டிய 58 ஏக்கர் நிலம் சீரமைக்கப்பட்டு, 2011இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. குப்பைமேடாய்க் கிடந்த சதுப்புநிலத்தில் மீண்டும் பறவைகள் வந்தது பாராட்டத்தக்க செயலாகும். அதே நகரில் கூவம், அடையாறு ஆகியவற்றின் கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய தொலைவான இடங்களுக்குக் குடியமர்த்தப்பட்டன. 2015 டிசம்பர் பெருவெள்ளத்திற்குப் பின் இது மேலும் விரைவுபட்டது. வெள்ளத்தில் மூழ்கும் இடத்தில் எவரும் வாழக்கூடாது என்பது உண்மையே. எனினும் வேலையும் பள்ளியும் இங்கிருக்க வீடு மட்டும் அங்கே சென்றால், அக்குடும்பம் வெள்ளத்திலிருந்து தப்பி வேறொன்றில் மூழ்குகிறது.

இதனை எழுதுபவனின் வீடும் ஓர் ஓடைக் கரையிலேயே உள்ளது. ஆவணங்களில் அது ஓடைப் புறம்போக்கு. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். நீரியல் என்ற சொல்லை என் தாயார் கேட்டதில்லை. ஆனால் எந்தத் திசையில் கருத்தால் தண்ணீர் எத்தனை நாழிகையில் வரும், எந்த ஆண்டு எத்தனையாவது படி வரை ஏறிற்று, எந்தப் பக்கத்துக் கரையில் முதலில் உடைப்பு எடுக்கும் என்பதையெல்லாம் அவர் அறிவார். எங்கள் தெருவில் வெள்ளத்தை அளக்கும் கருவி கிடையாது, வாசற்படிகளே அளவுகோல். இந்த அறிவைக் குறித்துக்கொள்ள எந்தக் கணக்கெடுப்புத் தாளிலும் இடமில்லை. 'ஆக்கிரமிப்பாளர்' என்று எழுதுவதற்கு மட்டும் இடமுண்டு. ஓடையை மீட்க வருபவர்கள் முதலில் நீக்க எண்ணுவது எங்களைத்தான். நார்த் ரிச்மண்டு மக்களின் வரலாற்றைப் படித்தபோது, முதலில் கேட்க வேண்டியவர்களும் நாங்களே என்று சொல்ல எனக்குத் துணிவு பிறந்தது.

மாணவர் செய்யக்கூடியவை

பெரிய திட்டங்கள் அரசுக்கு உரியவை. ஆனால் ஓடையை அறிந்துகொள்ளுதல் நம்மால் இயலும். கல்லூரிக்கு அருகே ஓடும் ஓர் ஓடையை எடுத்துக்கொள்வோம். வேதியியல் மாணவர்கள் விங்க்ளர் முறையில் மாதம் ஒருமுறை கரைந்த ஆக்ஸிஜனை அளக்கலாம். அதற்கான பொருள்கள் நம் ஆய்வகத்திலேயே உள்ளன. விலங்கியல் மாணவர்கள் கொசுவலைத் துணியால் வலை செய்து, கல்லுக்கடியில் உள்ள பூச்சிகளை எண்ணலாம். தாவரவியல் மாணவர்கள் கரையோர மரங்களைக் கணக்கெடுக்கலாம். கணித மாணவர்கள் ஓடையின் அகல ஆழங்களை அளந்து, மானிங் சூத்திரத்தால் அது தாங்கும் வெள்ளத்தைக் கணக்கிடலாம். வரலாற்று மாணவர்கள் பழைய நிலவரைபடத்தில் ஓடை எங்கே ஓடியது என்று தேடலாம்; முதியவர்களிடம் கேட்டு எழுதலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஒரு நாள் குப்பை அள்ளுவது நல்லதே. ஆனால் குப்பை எங்கிருந்து வருகிறது என்று அறியாமல் அள்ளினால், அடுத்த ஆண்டும் அதே குப்பையை அள்ள வேண்டிவரும்.

இவற்றை மூன்றாண்டுகள் தொடர்ந்து ஒரே ஏட்டில் எழுதிவந்தால், அவ்வோடையைப் பற்றி வேறெங்கும் இல்லாத ஆவணம் நம் கல்லூரியில் இருக்கும். நாளை எவரேனும் ஒரு திட்டத்துடன் வரும்போது, கரைவாழ் மக்கள் அந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.

முடிவுரை

நகர ஓடை கெடுவதற்குக் காரணம் நீரியலில் உள்ளது. அதனை மீட்கும் முறைகளும் அறிவியலில் உள்ளன. மண் மூடப்படாமல் காப்பது, கழிவின் துளைகளைக் கண்டு அடைப்பது, ஓடைக்கு வளையவும் பரவவும் இடம் விடுவது, கரையில் உயிருள்ள மரங்களை வளர்ப்பது ஆகியவை அம்முறைகள். ஆனால் குழாயை உடைப்பதா, கான்கிரீட் போடுவதா, கரையில் இருப்போரை என்ன செய்வது என்ற கேள்விகளுக்கு நுண்ணோக்கியில் விடை கிடைக்காது. அவற்றை அங்கு வாழ்வோருடன் அமர்ந்தே தீர்க்க வேண்டும்.

ஸ்ட்ராபெரி ஓடையில் ஒரு சிறுமீன் கூடு கட்டியதைக் கொண்டு ஓடை நலமடைந்தது என்று முடிவு செய்தனர். நம் ஓடைகளுக்கு அத்துடன் இன்னொரு சோதனையையும் சேர்த்துக்கொள்வோம். ஓடை தெளிந்து ஓடும் நாளில், அதன் கரையில் வளர்ந்த பிள்ளைகள் அதனைப் பார்க்க அங்கே இருக்க வேண்டும்.